மாப்பிள்ளை பிடித்த மீன்

"மச்சான், ஒரு எட்டு வந்து பாருங்களேன்! இன்னைக்கும் அஞ்சு கூடை!"

ஜன்னலுக்கு வெளியே தங்கை மாப்பிள்ளையின் குரல். மீசைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று மாதமாகக் கடலில் மீன் இல்லை. வலையை இழுத்தால் பாசியும் பிளாஸ்டிக் பையும்தான். முதல் மாதம் மீசைக்காரர் கடலைத் திட்டினார். இரண்டாம் மாதம் படகைத் திட்டினார். மூன்றாம் மாதம் யாரையும் திட்டவில்லை. முப்பது வருஷம் படகு ஓட்டிய மனுஷன், துறைமுகத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மனைவி கெஞ்சிப் பார்த்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். ம்ஹூம்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை இப்படி. தன் வீட்டுக்கு நேர்வழி இருக்க, தினமும் காலையில் இந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவார். ஜன்னலுக்கு நேரே நிறுத்துவார். கூடையை மூடிய சாக்கை விலக்குவார்.

"உங்களை மாதிரி அனுபவஸ்தர் வரலையேன்னுதான் வருத்தம் மச்சான். ம்... வயசாயிடுச்சு, என்ன பண்றது!"

"படுத்துக் கிடக்கிறவரை இப்படியா குத்திக் காட்டறது? மனுஷனா இவன்?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். தெருவே ஆமாம் போட்டது.

பத்தாவது நாள் மீசைக்காரர் விருட்டென்று எழுந்தார்.

"எனக்கா வயசாயிடுச்சு? ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் தெரியாத பய!"

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ம், ஊர்வலம் போறேன். படகுக்குத்தான், வேறெங்கே?"

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், யாரும் போகாத தூரத்தில், வலை கையில் கனத்தது. நடுக்கடலில் தனியாளாக "ஹோ"வென்று கத்தினார். அரைக் கூடைதான். ஆனால் அன்றைக்கு வீட்டில் உப்பு குறைந்துவிட்டது என்று சண்டை போட்டார். மனைவி சமையலறைக்குள் போய்ச் சந்தோஷமாக அழுதாள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானமெல்லாம் வாசலில் உட்கார்ந்து வலை தைத்தார். பாட்டு வேறு.

ஆனாலும் அவருக்கு ஒரு கூடை, மாப்பிள்ளைக்கு அஞ்சு.

"ஒரே கடல். அவனுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"

யோசித்து யோசித்துப் பார்த்தார்; பிடிபடவில்லை. ஒரு நாள் பேனாவை எடுத்தார். மீன்வளத் துறை ஆபீசுக்கு எழுதினார்: 'தடை செய்த சின்னக் கண்ணி வலையைப் போட்டு, குஞ்சு மீனைக்கூட விடாமல் வாருகிறார். இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.'

நாலாம் நாள் காலை, ஆபீசர் கையில் கடுதாசியோடு கரையில் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் படகு வந்ததும் உள்ளே குதித்தார். ஸ்கேல் வைத்து வலைக் கண்ணியை அளந்தார். சரியாக இருந்தது. கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து விரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. பலகையில் தட்டினார். டொக்கென்றது.

"ஏன்யா, கடல்ல மீனெல்லாம் இப்ப ஐஸ் பொட்டிக்குள்ளதான் குடியிருக்கா?"

கூடையின் அடியில் பக்கத்து ஊர்க் குளிர்பதனக் கிடங்கின் முத்திரை இருந்தது.

"வாங்கின மீனைப் பிடிச்ச மீன்னு சொல்றதுக்குச் சட்டத்துல தண்டனை இல்லை. போ, போ."

கரையே சிரித்தது. "ஐஸ் மாப்பிள்ளை!" என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படகைக் கட்டினார்.

மீசைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடி, நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார்.

மனைவி சிரிக்கவில்லை.

"நான்தாங்க அவர்கிட்டப் போய் அழுதேன். 'அண்ணே, சுவரையே பார்த்துக்கிட்டிருக்கார், சாப்பாடுகூடக் கேக்க மாட்டேங்கறார், எனக்குப் பயமா இருக்கு'ன்னேன். 'மச்சானுக்குப் புத்தி சொன்னா ஏறாதும்மா, வயிறு எரிஞ்சாத்தான் எந்திரிப்பார்'னு சொன்னார். எந்திரிச்சீங்களே!"

மீசைக்காரர் நடிப்பதை நிறுத்தினார்.

"நீங்க கடலுக்குப் போக ஆரம்பிச்சதும் 'போதும்ணே'ன்னேன். 'நான் வெறுங்கூடையோட வந்தா மச்சான் மறுபடி படுத்துடுவார். நல்லா மீன் படற வரைக்கும் இருக்கட்டும்'னார். அவருக்கும் மூணு மாசமா ஒண்ணும் கிடைக்கலைங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த மனுஷன் மேல எந்தப் படுபாவி எழுதிப் போட்டானோ. அவன் கை விளங்குமா?"

மீசைக்காரர் வெளியே போனார்.

மாப்பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் ஈர வலையை உதறிக்கொண்டிருந்தார். உள்ளே தங்கை விசும்பும் சத்தம். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் தலைகள்.

மீசைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தினார்.

"எவன்டா என் மாப்பிள்ளை மேல மொட்டைக் கடுதாசி போட்டவன்? என் கையில மட்டும் கிடைச்சான், முறிச்சுப் போட்டுடுவேன்!"

மாப்பிள்ளை வலையைப் போட்டுவிட்டு அவசரமாக வந்தார். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதீங்க மச்சான், உங்க தங்கச்சிக்குத் தெரியாது. ஆபீசர் அந்தக் கடுதாசியைக் காட்டினார். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? அதை விடுங்க. நாளைக்குக் கடலுக்குப் போவீங்க இல்ல?"