தொட்டில் வரை

விழுந்தால் நான் மட்டும் விழ வேண்டும்.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவில் தொட்டில். தம்பியின் மகனை இன்று அதில் இடுகிறார்கள். பூசை அறையிலிருந்து தொட்டில் வரை பிள்ளையை அத்தைதான் தூக்கி வர வேண்டும். இந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

இருப்பது ஒரே அத்தை.

கொஞ்ச தூரம்தான். ஆனால் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பந்திக்கு வேண்டுமென்று நாற்காலிகளைக்கூட வெளியே எடுத்துப் போய்விட்டார்கள்.

இப்போதெல்லாம் வீடு என்றால் அவளுக்குப் பிடிமானங்கள். கதவு நிலை. கட்டில் விளிம்பு. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு.

முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்கிறாள். எரியத்தான் செய்கிறது. இரண்டையும் மூடினால் தரை நழுவிப் போகிறது.

நரம்பு டாக்டர் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். முடியவில்லை. கால்களை அகட்டி வைத்தால்தான் உடம்பு நின்றது.

“உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?”

அப்பாவுக்கு இருந்தது. அவர் தள்ளாடி நடந்ததை ஊர் குடி என்றது. குடிக்கவில்லை என்று அவர் சொன்னதை அம்மாவும் நம்பவில்லை. சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்வாள். அப்பா ஊதுவார். வெற்றிலை வாசம் மட்டும் வரும். அப்படியும் நம்பவில்லை.

பரம்பரையாக வரும் என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

தம்பி மனைவிக்கு அப்போது நிறைமாதம். டாக்டர் சொன்னதை இவள் யாரிடமும் சொல்லவில்லை.

“வாங்க மதினி, பிள்ள அழுதுட்டுக் கெடக்கான்லா.” தம்பி மனைவி நிறைமதி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

அவள் எழவில்லை. சேலைக்குள் கால் பெருவிரல்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன.

“எடுத்துக் குடுத்த சேல பிடிக்கலையோ என்னமோ,” என்றாள் நிறைமதியின் சித்தி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. “பச்ச எடுத்தா நீலம் வேணும்பாக. நாத்தனார்னா சும்மாவா!”

சிரித்தார்கள்.

நல்லது. கோபம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். கோபக்காரியின் கையில் யாரும் பிள்ளையைத் திணிக்க மாட்டார்கள்.

அம்மா குனிந்து காதருகே பல்லைக் கடித்தாள். “எந்திரிட்டி. பிள்ள இல்லாதவ, வயித்தெரிச்சல்னு சொல்லிருவாளுவ.”

சொல்வார்கள்தான்.

ஒரு கணம் எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கவனமாக நடந்தால் போதாதா. எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள்.

அந்தச் சின்னத் தலை. உச்சியில் இன்னும் மூடாமல் துடிக்கிற இடம்.

கீழே மொசைக் தரை.

தம்பியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வரும்போது அவன் தோள் கதவு நிலையில் இடித்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை.

அவள் எதிரே வந்து நின்றான். பிள்ளையை நீட்டினான்.

“எங்கிட்ட என்னக்கா கோவம்? வாங்கிக்கோ.”

அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை.

வேட்டிக்குக் கீழே அவனுடைய பாதங்களைப் பார்த்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவனைப் போல, இரண்டும் தள்ளித் தள்ளி அகன்று நின்றன.

டாக்டர் முன்னால் அவளும் இப்படித்தான் நின்றாள்.

கைகளை மடியைவிட்டு எடுக்கவில்லை.

“நான் வாங்க மாட்டேன்டா,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நீயும் நிக்காத. உக்காரு.”