முள்வேலியும் ஊற்றும்

பக்கத்துக் குளம் வற்றிப்போனதால், அங்கிருந்த ஆமைகள் ஏரிக்கு வரத் தொடங்கின. ஏரியில் இருந்த பிராணிகள் பயந்துபோய், கரை நெடுக முள்வேலி போட்டு நண்டைக் காவலுக்கு வைத்தன. அப்படியும் வேலிக்கு அடியில் குழி பறித்துக்கொண்டு ஆமைகள் வந்தன.

"முள்ளை இன்னும் நெருக்கமாப் போடுவோம்" என்றது நண்டு.

நீர்நாய் வேறு யோசனை சொன்னது. "நாம போய் அவங்க குளத்தைத் தோண்டுவோம். ஊற்று திறந்துட்டா அவங்க ஏன் இங்க வரப்போறாங்க?"

"திருட்டுத்தனமா வர்றவங்களுக்கு நாம வேலை செய்யணுமா?" என்று எல்லாம் சிரித்தன.

நீர்நாய் தனியாகப் போனது. வெடித்துக் கிடந்த குளத்தில் ஒரு தாய் ஆமை மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து தோண்டின. சில நாள் கழித்து, என்னதான் நடக்கிறது என்று பார்க்க நண்டு வந்தது. நீர்நாயின் பாதங்களில் ரத்தம் கசிவதைக் கண்டதும், பள்ளத்தில் இறங்கித் தானும் தோண்டியது. வளை பறித்துப் பழகிய கொடுக்கு அது. அன்று மாலையே ஊற்று திறந்தது.

பள்ளம் நிறைந்த பிறகும் ஆமை தண்ணீரில் இறங்கவில்லை. ஏரியைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

"தண்ணிதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அங்க போற?" என்று நண்டு கேட்டது.

"என் பிள்ளை உங்க வேலி முள்ளுல மாட்டிச் செத்துக் கிடக்கான். அவனை இங்க கொண்டுவந்துடறேன்."

நண்டு முள்ளை வெட்டுவதற்காக ஆமைக்கு முன்னால் விரைந்து போனது.