மூடின லேப்டாப்

"அந்தப் பொட்டியை மூடும்மா. அப்பதான் நான் வில்லைத் தொடுவேன்!"

மேடையில நின்னு கண்ணாயிரம் போட்ட சத்தத்துல, கிரிவலப் பாதையில இருந்த அந்தக் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பொண்ணு அருணாதேவிக்கு அவர் பெரியப்பா. பஸ் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர். அதுக்கப்புறம்தான் வயலின் பைத்தியம் பிடிச்சது. தம்பி மக வரவேற்புல ஒரு பாட்டு வாசிக்கப் போறேன்னு அடி அண்ணாமலை ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருந்தார்.

மேடை ஓரத்துல லேப்டாப்போட உட்கார்ந்திருந்த சவுண்டு பார்க்கிற தமிழ்செல்வி மெதுவாச் சொன்னா. "ஐயா, எல்லா வாத்தியமும் இது வழியாத்தான் ஸ்பீக்கருக்குப் போவுது. நீங்க பாட்டுக்கு வாசிங்க."

"எனக்குத் தெரியாதா? தப்பா வாசிச்சாலும் சாஃப்ட்வேரு அதை நேராக்கி வெளிய வுடுமாம். அதுக்குப் பேரு வாசிப்பா? கல்யாண வீட்ல இன்னாம்மா பித்தலாட்டம்?"

முன் வரிசையிலேர்ந்து அவர் மச்சான் அப்பாசாமி குரல் குடுத்தார். "மாமா, பொட்டி இருந்துட்டுப் போவட்டும். நீங்க வாசிச்சா பஸ்ஸு பிரேக் போடுற சத்தம்தான் வருது. குழந்தைங்க பயந்துக்கும்!"

ஒரே சிரிப்பு. கண்ணாயிரத்துக்கு முகம் சிவந்துபோச்சு. முன் வரிசையில இருந்த அவர் சம்சாரம் தனம் மட்டும் சிரிக்கலை. முந்தானை நுனியை விரல்ல சுத்திக்கினு மேடையையே பார்த்தா.

"இவனுங்க முன்னாடிதான் இன்னிக்கு வாசிக்கப் போறேன். மூடும்மா!"

"சரி ஐயா, ஒயரை நேரா ஸ்பீக்கருக்கே குடுத்துடுறேன்"னா தமிழ்செல்வி. எல்லாரும் பார்க்க லேப்டாப்பை டப்புனு மூடினா.

கண்ணாயிரம் வயலினைத் தாடைக்கு அண்டக் குடுத்து வில்லை இழுத்தார்.

முதல் இழுப்புலயே அவர் புருவம் ஏறிச்சு. வில்லு ஒரு நொடி தயங்கிச்சு. நிமிர்ந்து முன் வரிசையைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கினு முழுப் பாட்டையும் வாசிச்சு முடிச்சார்.

வாயில போட்ட வெத்திலையை மெல்லுறதையே மறந்துட்டார் அப்பாசாமி. மணமேடையில அருணாதேவி எழுந்து நின்னு கை தட்டினா. தனம் கண்ணைத் துடைச்சுக்கினு சிரிச்சா.

கண்ணாயிரம் மைக்கைப் பிடுங்காத குறையா வாங்கினார். "பார்த்துக்கோங்க! பொட்டி மூடித்தான் கிடக்குது. இது இந்தக் கையால வந்த பாட்டு!"

"இனிமே உங்க வயலினைப் பத்திப் பேசுனா என்னைச் செருப்பால அடிங்க மாமா"ன்னு அப்பாசாமி ஓடிவந்து கட்டிக்கினார்.

கூட்டம் பந்திக்குப் போனதும் கீபோர்டு வாசிக்கிற செழியன், தமிழ்செல்வி பக்கம் குனிஞ்சான். "அக்கா, சாயங்காலம் மைக் டெஸ்டிங்ல இவரு வாசிச்சப்ப நான் காதைப் பொத்திக்கினேன். இப்ப எப்படிக்கா?"

"மூடினா ஸ்கிரீன்தான் அணையும். புரோகிராம் உள்ள ஓடுற மாதிரி முன்னாடியே செட் பண்ணிட்டேன். விலகிப்போன சுரத்தையெல்லாம் அது பிடிச்சாந்து இடத்துல உட்கார வெச்சிடுச்சு."

"அடிப்பாவி! அவரு வேணாம்னு கத்துறாரு. நீ ஏமாத்திட்டியே!"

"தனம் அம்மாதான்டா டெஸ்டிங் முடிஞ்சதும் வந்து என் கையைப் பிடிச்சுக்கினாங்க. 'தினமும் கதவைச் சாத்திக்கினு வாசிச்சுப் பழகுறாரு பாப்பா. சொந்தக்காரங்க முன்னாடி அவரு தலைகுனியக் கூடாது. நீ உதவி பண்ணது அவருக்கும் தெரியக் கூடாது'ன்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

செழியன் சாப்பிடக் கிளம்பினான். தமிழ்செல்வி ஒயரைச் சுத்தி வெச்சுக்கினு இருந்தப்போ கண்ணாயிரம் தனியா மேடை ஏறி வந்தார். கையில வாழையிலைத் துண்டுல ரெண்டு ஜாங்கிரி.

"ஏம் பாப்பா, பொட்டி ஓடிக்கினுதானே இருந்துச்சு?"

தமிழ்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா... அது வந்து..."

"வயலின் என் தாடைக்குக் கீழதானே இருக்குது? காதுல விழுந்தது பிரேக் சத்தம். ஸ்பீக்கர்ல பார்த்தா வேற யாரோ வாசிக்கிறாங்க. அப்பவே நிறுத்திட்டு உன்னைச் சத்தம் போட்டிருப்பேன்."

"ஏன் ஐயா நிறுத்தலை?"

கண்ணாயிரம் பந்திப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கினார். ஜாங்கிரியை அவ கையில வெச்சு, குரலைத் தாழ்த்தினார்.

"முன்னால தனம் மூஞ்சியைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோசம். அவகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத பாப்பா. நெஜமாவே நான்தான் வாசிச்சேன்னு நம்பிக்கினு இருக்கா, பாவம்!"