ஒன்பதாம் பக்கம்

"தர முடியாதும்மா. அது ரகசியம். அடுத்த மாசம் வந்து பாருங்க."

பிரிவுத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், "சரிங்க ஐயா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் போவதையே பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் கணவர் அணையில் மதகுக்காரர். வெள்ளத்தோடு போனவர். மதகைத் திறக்காமல் தூங்கிவிட்டார், அதனால்தான் அத்தனை வீடு மூழ்கியது என்று பழி. பள்ளிக்கூடத்தில் மகளிடமே, "உங்கப்பா முழிச்சிட்டாரா?" என்று கேட்கிறார்களாம். விசாரணை அறிக்கையில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று மாதாமாதம் வந்து நிற்கிறாள்.

அந்த அறிக்கைதான் அன்றைக்கு டைப்பிஸ்டின் மேசையில் இருந்தது. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன முத்திரை என்று அட்டவணை அடிக்கச் சொல்லியிருந்தார் தலைவர். மொத்தம் முப்பத்தோரு பக்கம். நாலாம் பக்கத்தில் மதகின் பூட்டு அமைப்பைக் காட்டும் படம். அது வெளியே போகக்கூடாதுதான். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் முப்பத்தோரு பக்கத்திலும், மேலே ஒன்று கீழே ஒன்று என 'ரகசியம்' குத்தி வைத்திருந்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'மதகுக்காரர் நான்கு முறை தொலைபேசியில் அழைத்துத் திறக்க உத்தரவு கேட்டுள்ளார். மேல் அலுவலகத்தில் எவரும் எடுக்கவில்லை.'

"சார், படம் ரகசியம், ஒத்துக்கறேன். ஒன்பதாம் பக்கத்துல என்ன சார் ரகசியம் இருக்கு?"

"முத்திரை இருக்கு."

"அது யாரோ கை வலிக்கிற வரைக்கும் குத்தித் தள்ளியிருக்காங்க சார்!"

"குத்தினவர்தான் எடுக்கணும். நீங்களோ நானோ இல்ல."

அலுவலகம் முழுக்க அவருக்கு 'பூட்டு' என்று பெயர். 'சாவி தொலைஞ்ச பூட்டு' என்று அதை நீட்டியது டைப்பிஸ்ட்தான்.

மதியத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்க அவர் வாசலுக்குப் போனார். டைப்பிஸ்ட் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, ஒன்பதாம் பக்கத்தை மளமளவென்று கையால் எழுதினாள். மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். மனசு லேசாக இருந்தது.

தலைவர் வந்தார். வெளி உறையைப் பிரித்து, உள் உறையின் அரக்கைச் சரிபார்த்து, கடிதத்தைப் படித்து, பதிவேட்டில் ஏற்றினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மாலை ஐந்துக்கு வழக்கமான எண்ணிக்கை. பக்கம் முப்பத்தொன்றும் சரி.

"காலையில பத்து வெள்ளைத் தாள் கொடுத்தேன். அடிச்சது ஆறு. மிச்சம் மூணு."

வெள்ளைத் தாளையுமா ஒருத்தர் எண்ணுவார்!

"கசங்கிப் போச்சு சார். குப்பையில போட்டுட்டேன்."

"குப்பைக்கூடையைப் பார்த்துட்டேன்."

அதற்கு மேல் பொய் வரவில்லை. கூட்டைத் திறந்து கொடுத்தாள். வாங்கியவர் தாளை அரைக்கும் இயந்திரத்தில் விட்டார். கீழே நூல் நூலாக விழுந்தது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா சார்? அந்தப் பொண்ணு தலைநிமிர்ந்து நடக்க இந்த ஒரு பக்கம் போதுமே!"

"இதை யாருகிட்ட காட்டுவாங்க? முத்திரை இல்லாத தாள். எங்க திருடினேன்னுதான் முதல்ல கேப்பாங்க. இப்போ புருஷன் மேல மட்டும் பழி. அப்புறம் பொண்டாட்டி மேல கேஸ். அதோட இந்தப் பக்கத்தை எவனும் நம்ப மாட்டான்."



அவர் பதிவேட்டில் எழுதினார்: 'அனுமதியின்றி எழுதிய நகல் ஒன்று. அறையை விட்டு வெளியே போகவில்லை. அழிக்கப்பட்டது.' அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"எச்சரிக்கைக் கடிதம் நாளைக்கு. நீங்கதான் டைப் பண்ணணும், வேற ஆள் கிடையாது."

பிறகு அவர் அடிக்கோலை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில், மேலேயும் கீழேயும் 'ரகசியம்' மேல் சிவப்பு மையில் ஒரே கோடு கிழித்தார். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டார்.

"சார்! என்ன பண்றீங்க?"

"குத்தினவரே எடுத்துட்டார். மதியத் தபால்ல வந்துச்சு. இந்தப் பக்கத்துக்கு மட்டும். ஒரு நகல் எடுங்க, சான்றொப்பம் போட்டுத் தரேன். அதை எந்தக் கோர்ட்டுலயும் காட்டலாம். அந்தம்மாவுக்குப் போன் பண்ணி நாளைக்கே வரச் சொல்லுங்க."

"அப்போ நீங்கதான் கேட்டு எழுதினீங்களா சார்? முன்னாடியே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கையில வராததை எப்படிம்மா சொல்றது? நம்பி ஏமாந்துட்டா?"

கோடு கிழித்த இடத்தில் உத்தரவு எண்ணை எழுத, வந்த கடிதத்தை அவளிடம் நீட்டி, "எண்ணைப் படிங்க" என்றார்.

வாங்கினாள். கடிதத்தின் தலைப்பில், 'பார்வை' என்ற இடத்தில், இந்த அலுவலகம் முன்பே அனுப்பிய கடிதங்களை வரிசையாகக் குறித்திருந்தார்கள். பதினான்கு. அதில் ஒன்றைக்கூட அவள் அடித்துக் கொடுத்ததில்லை. எல்லாம் அவரே கையால் எழுதி அனுப்பியவை.

எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணுக்காக பார்வையாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். கடிதம் ஒரு கையில், பதிவேடு ஒரு கையில். விரல் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பதினான்கு கடிதங்களின் தேதிகளும், இன்றைக்கு முன்பு அந்தப் பெண் ஜன்னலிலிருந்து வெறுங்கையோடு திரும்பிப் போன அதே பதினான்கு நாட்கள்.