ஒரே ஒரு பிளேட்டு

"கேமராவுக்கு இருக்கிறது ஒரே பிளேட்டுங்க. அதுல நம்ம பயலைப் படம் புடிங்களேன். விடியக்காலம் ஜப்பான்காரன் லாரி வந்துரும், சயாமுக்கு ரயில்பாதை போடப் போயிருவான்," என்று கெஞ்சினாள் வள்ளிநாயகி.

தப்பியோடிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கேமராவை, ரெம்பாவ் ரோட்டுக்கு மேலே தெரிந்த இரவு வானத்தைப் பார்த்து வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு.

"மூணு மாசத்துல வந்துருவான்லா. இப்படித் தெளிஞ்ச வானம் திரும்ப வருமா?"

"அப்பா நட்சத்திரத்தையே புடிக்கட்டும்மா. என் மூஞ்சி எங்க போயிரப் போவுது!" என்று சிரித்தான் மகன் நல்லமுத்து.

விடியும்வரை கேமரா திறந்தே இருந்தது.

மறுவருஷம் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், நல்லமுத்து காலராவில் போய்விட்டதைச் சொன்னான்.

வள்ளிநாயகி அந்த நட்சத்திரப் படத்தைச் சுவரில் மாட்டிப் பூ வைத்தாள்.

"நட்சத்திரத்துக்கா பூ வைக்கிறே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை.

"அடியில வெள்ளையா ஒரு கோடு ஓடுது பாரு. எம்புள்ள ஏறிப்போன லாரி லைட்டுடி அது."