கிராணியாரின் தினசரிச் சவரம்

"பாய், என் மூஞ்சி என்ன பலாப்பழமா? இந்தப் பக்கம் பூரா முள்ளு முள்ளா நிக்குது. மறுபடியும் போடு!"

நாற்காலியில் சாய்ந்திருந்த ராஜரத்தினம் கன்னத்தைத் தடவிக் காட்டினார். ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி உத்தியோகம். வாய் மட்டும் மானேஜர் வாய்.

அலி அக்பர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சோப்பு நுரையைக் குழைத்தார். அதற்கே வலது மணிக்கட்டு விண் விண்ணென்று தெறித்தது.

ஜனவரி மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த கை. மார்ச்சில் மாவுக்கட்டைப் பிரித்தபோது ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தினமும் இந்தக் கைக்கு வேலை குடுக்கணும் பாய். சும்மா வச்சிருந்தா மரக்கட்டையாப் போயிடும்."

வேலை கொடுக்க ஆள் வேண்டாமா? கையோ நடுங்குகிறது. கையில் இருப்பதோ சவரக்கத்தி. எந்தப் புண்ணியவான் வந்து கழுத்தை நீட்டுவான்?

"முதல்ல உடம்பைப் பாருங்க பாய், அப்புறம் வர்றோம்" என்று காஜா பேராங் ஊரில் எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு நேரே புக்கிட் பாருவுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார்கள். இருபது வருஷக் கடை. இந்தத் தொழிலை விட்டால் அலி அக்பருக்கு வேறு எதுவும் தெரியாது. மனுஷர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜரத்தினம் வந்து சேர்ந்தார். அதுவரை மாசத்துக்கு ஒருதரம் முடிவெட்ட வருவதோடு சரி, சவரமெல்லாம் வீட்டிலேயேதான். இப்போது என்ன வந்ததோ, தினமும் காலை ஏழு மணிக்கு ஆஜர்!

வந்தவர் வாயை மூடிக்கொண்டு உட்காரவாவது செய்தாரா?

"இடது கையை ஏன் முட்டுக் குடுக்கிறே? அதை எடு!"

"காதுலேருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தினே, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்!"

முதல் வாரத்திலேயே மூன்று இடத்தில் வெட்டு. படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு, மறுநாளும் வந்து நின்றார்.

எதிர்த்த கோப்பிக் கடைப் பொன்னுதுரை சும்மா இருப்பாரா?

"நாப்பது வயசுல தினமும் சவரமாம். யாருக்கு இந்த மினுக்கு? வெள்ளி செவ்வாய்கூடப் பார்க்கிறதில்லை. சாமி பயமே இல்லாத ஆளு!"

வீட்டில் நூர்ஜஹான், புருஷன் கைக்கு எண்ணெய் நீவிவிட்டபடியே பொரிந்து தள்ளினாள். "விழுந்தப்போ பட்ட வலியைவிட இந்தக் கிராணி குடுக்கிற வலி பெருசா இருக்குங்க. நாளைக்கு வந்தா வேற கடை பார்த்துக்கன்னு சொல்லுங்க."

அலி அக்பர் சொல்லவில்லை. ரோஷம் வந்துவிட்டது. இந்த ஆள் வாயை ஒருநாளாவது அடைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். காலையில் கிராணியார் குறை சொன்ன இடத்தை, சாயங்காலம் ஒரு சுரைக்காயில் நுரை பூசி இழுத்து இழுத்துப் பழகினார்.

மே மாதம் நடுக்கம் குறைந்தது. ஜூனில் கை சொன்னபடி கேட்டது. ஜூலையில் ஒருநாள் ராஜரத்தினம் கன்னத்தை நாலு தரம் தடவிப் பார்த்தார். சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அலி அக்பர் வீட்டில் பிரியாணி.

மலாயாவின் மெர்டேக்காவுக்கு முதல் நாள் கடை வாசலில் பதினோரு பேர். சுதந்திரத்தைப் பளிச்சென்ற முகத்தோடு பார்க்க வேண்டாமா? முதலில் கழுத்தை நீட்டியவர் கோப்பிக் கடைப் பொன்னுதுரை. கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

"அட, பழைய கையை விட நல்லா இருக்கே பாய்!"

"இன்னும் இருபது வருஷத்துக்கு ஓடும்!" என்று அலி அக்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ராஜரத்தினமும் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே வராமலே திரும்பிப் போனார். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

"நாலு பேரு வர்றது பொறுக்கலை கிராணியாருக்கு" என்று சிரித்தார் அலி அக்பர். "சனியன் விட்டது."

பத்து நாள் கழித்து ராஜரத்தினத்தின் மனைவி கோகிலா, வெற்றிலை பாக்குத் தட்டோடு கடைக்கு வந்தாள். தலைப்பை இழுத்துப் போர்த்தியும் மேடிட்ட வயிறு தெரிந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை எனக்கு வளைகாப்பு. நூர்ஜஹான் அக்கா கட்டாயம் வரணும்."

"வளைகாப்பா? இது எத்தனாவது மாசம்மா?"

"ஏழுண்ணே. ஒம்பது வருஷம் தவங்கிடந்து வந்தது. கண்ணு படும்னு வெளியில மூச்சு விடலை."

அலி அக்பர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பது இந்து வீடுகளில் வழக்கம். எந்த வீட்டில் விசேஷம் என்று மருத்துவச்சிக்கு முன்னால் அலி அக்பருக்குத் தெரிந்துவிடும். வாடிக்கைக்காரன் தாடியோடு கடையைத் தாண்டிப் போவான்.

"ஏம்மா... அப்போ அவரு இத்தனை மாசமா..." அவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "நீ தடுக்கலையா?"

"தடுக்காமலா? காலைப் பிடிச்சு அழுதேண்ணே. மாமியார் ரெண்டு மாசம் அவர்கூடப் பேசவே இல்லை. கேட்டாத்தானே! 'பிள்ளை அது பாட்டுக்கு வளரும்டி. பாய் கைக்குத்தான் தினமும் ஒரு முகம் வேணும்'னுட்டாரு."