கெட்டி ஆயில்

கடையின் பின்பக்கம் கனகலட்சுமி வந்ததும், பேசிக்கொண்டிருந்த போனை முனீஸ்வரன் சட்டென்று கட் பண்ணினான். ஆனாலும் திரையில் இருந்த பெயரை அவள் பார்த்துவிட்டாள். புரோக்கர் ராஜகுரு.

ஒன்பது வருசமாக அவளுடைய லோடு வண்டியை ஓட்டுகிற டிரைவருக்கு, அதே வண்டியை விற்றுக் கொடுக்கப்போகிற புரோக்கரோடு என்ன ரகசியப் பேச்சு?

மணி ஒன்பதேகால். பத்து மணிக்குப் பார்ட்டி முழுப் பணத்தோடு வரும் என்று ராஜகுரு சொல்லியிருந்தான். வண்டி கைமாறிவிட்டால் திருச்சுழியில் இந்த மாட்டுத்தீவனக் கடையைப் பூட்டிவிட்டு, கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய் இருந்துவிடலாம். புருசன் சுப்புராஜ் போனபிறகு மூன்று வருசம் ஒற்றை ஆளாக இழுத்தது போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஒரே கவலை இஞ்சின் சத்தம்தான். சுப்புராஜ் இருந்தவரை உசத்தியான சிந்தெடிக் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடமாட்டார். அவள் கைக்கு வந்தபின் விலை குறைந்த லூஸ் ஆயில். இப்போது சாவியைத் திருப்பினால் டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்கிறது.

நேற்று சாயங்காலமே இதைப் பேசி முடித்திருந்தாள்.

"கெட்டி ஆயிலாப் பாத்து அஞ்சு லிட்டர் வாங்கி ஊத்திரு முனீசு. சத்தம் அடங்கிரும்னு ஒர்க்‌ஷாப்புல சொன்னாக."

"அடங்கும்க்கா, ரெண்டு வாரத்துக்கு. ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணயில அது மேல ஏறி வாரதுக்குள்ள உள்ளுக்குள்ள எல்லாம் தேயும். சிந்தெடிக்குன்னா சட்டுனு ஏறிரும். இன்னும் மூணு வருசம் தாக்குப் பிடிக்கும்."

"சத்தம்?"

"அது கேக்கத்தான் செய்யும்."

"கெட்டி ஆயிலு ஆயிரத்துல முடிஞ்சிரும். நீ சொல்றது மூவாயிரம். விக்கப் போற வண்டிக்கு மூவாயிரத்தக் கொட்டி, சத்தத்தயும் கேக்க விடணுமா?"

அவன் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினான்.

இப்போது வண்டிக்குக் கீழே பழைய ஆயிலை வடித்த சட்டி இருந்தது. பக்கத்தில் காலியாகக் கிடந்தது சுப்புராஜ் வழக்கமாக வாங்குகிற அதே கேன்.

"என்ன முனீசு இது?"

"சிந்தெடிக்குதாங்க்கா. மேல ஆனத நான் போட்டுக்கிட்டேன்."

சம்பளக்காரன் எதற்குக் கைக்காசு போடவேண்டும்? சத்தத்தைக் கேட்டால் பார்ட்டி விலையை அடித்துப் பேசும். அடித்ததில் ஆளுக்குப் பாதியா? புரோக்கரும் இவனும் கூட்டா?

விறுவிறுவென்று முன்பக்கம் போய் ராஜகுருவுக்குப் போன் போட்டாள்.

"பார்ட்டி வண்டிய ஓட்டிப் பாக்குமாய்யா?"

"அதெல்லாம் கேக்கலக்கா. நீங்க சொன்ன வெலைதான். ஒரு ரூவா கொறைக்கச் சொல்லல."

போனை வைத்தபின் படபடப்பு கூடத்தான் செய்தது. ஓட்டிப் பார்க்காமல், விலை பேசாமல் எவன் பழைய வண்டி வாங்குவான்? விவரம் தெரியாத ஆளாக இருக்கும். அப்படிப்பட்டவன் சத்தத்தைக் கேட்டு மிரண்டு போய்விட்டால்?

திரும்பவும் பின்பக்கம் வந்தாள். கடைக்கும் வண்டிக்கும் இது எத்தனையாவது நடையோ.

"ஒர்க்‌ஷாப்புல கெட்டி ஆயிலு இருக்கும். ஓடிப் போயி வாங்கிட்டு வா. இத வடிச்சிட்டு அத ஊத்து."

"வேணாம்க்கா. சத்தம் இருக்குன்னு சொல்லியே குடுப்போம்."

"வாங்குறவன் எவனோ! வண்டி மக்கர் பண்ணி அவன் நரிக்குடி ரோட்டுல நடு வெயில்ல நின்னா உனக்கென்ன நட்டம்?"

முனீஸ்வரன் கழிவுத் துணியால் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றான். சொன்ன சொல் அவள் காதுக்கே நன்றாயில்லை. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை.

ரோட்டில் ஹாரன் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலுக்கு ஓடினாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு நரிக்குடி பஸ் வந்து நின்றது.

ராஜகுரு இறங்கினான். அவனுக்குப் பின்னால் முனீஸ்வரனின் பெண்டாட்டி யுவராணி, ஒரு கையில் மஞ்சப்பையும் மறுகையில் வாழையிலைப் பொட்டலமுமாக இறங்கினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. வேறு யாரும் இறங்கவில்லை.

"உம் புருசனுக்குச் சோறு கொண்டாந்தியா? உள்ள வச்சிட்டு ஒதுங்கி நில்லும்மா, பார்ட்டி வார நேரம்." சொல்லிக்கொண்டே கனகலட்சுமி ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "எங்கய்யா, ஆளக் காணோம்?"

ராஜகுரு சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றான். யுவராணி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு சாமந்தி மாலை, நாலு எலுமிச்சம்பழம். பிறகு மஞ்சப்பையை இரண்டு கையாலும் ஏந்தி கனகலட்சுமியிடம் நீட்டினாள்.

"பார்ட்டி நாங்கதாங்க்கா. சொன்னா நீங்க வெலயக் கொறைச்சுப்புடுவீகன்னு எங்க வீட்டுக்காரருதான் சொல்ல விடல."